மேல் வரிக் கையெழுத்து

ரெவின்யூ ஸ்டாம்பின் பசைக்கு ஒரு ருசி உண்டு. லேசான இனிப்பும் அதன் அடியில் ஒரு கசப்புமாக நாக்கில் ஒட்டிக்கொண்டால் காபி குடித்தாலும் போகாது. போன வாரம் மாடியில் குடியிருக்கும் பையன் வருமான வரிக் கணக்குக்காக வாடகை ரசீது கேட்டான். ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கினால் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமே என்று தபால் ஆபீசுக்கு நடந்தேன். கவுன்டரில் பசை டப்பா காய்ந்து கிடந்தது. பழைய பழக்கத்தில் நாக்கில் தொட்டு ஒட்டினேன். அவ்வளவுதான், தெற்கு மாசி வீதியின் மாடி அறையும் கஞ்சி போட்ட காடாத் துணியின் வாசனையும் சம்பள ரிஜிஸ்தரும் வந்து முன்னால் நின்றுவிட்டன.

எண்பதுகளின் ஆரம்பம். டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முடித்திருந்தேன். ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. மேலமாசி வீதியில் இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணிக்கே போய் ஏ எஸ் டி எஃப் தட்டிப் பழகிய விரல்கள். சர்க்கார் வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்த எத்தனையோ பெண்களில் நானும் ஒருத்தி. கார்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோமே தவிர, அழைப்பு வரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது.

கீழே கடை, பின்னால் பேல் அடுக்கிய கோடவுன், மேலே ஆபீஸ். பம்பாய்க்கும் அகமதாபாத்துக்கும் ஈரோட்டுக்கும் போகிற கடிதங்கள், லாரி ரசீதுகள், பாக்கி கேட்டு அனுப்பும் நினைவூட்டுகள் எல்லாம் டைப் ஆக வேண்டும். இரண்டு ரெமிங்டன் மிஷின்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் ஓர் அண்ணன். அவர் எனக்குக் கொஞ்சம் முந்தி சேர்ந்தவர், இங்கிலீஷ் மட்டும் லோயர் முடித்தவர். நல்ல மனிதர். தமிழ்க் கடிதம் வந்தால் சத்தமில்லாமல் என் மேஜைக்கு நகர்த்திவிடுவார்.

மாதம் பிறந்தால் கணக்கப்பிள்ளை அந்த நீளமான ரிஜிஸ்தரை விரிப்பார். பச்சைக் காலிகோ அட்டை, மூலைகளில் சிவப்பு. இடப்பக்கம் பெயர், அப்புறம் வேலை, நாள், சம்பளம், பிடித்தம், கைக்கு வரும் தொகை. கடைசிக் கட்டத்தில் இருபது பைசா ஸ்டாம்பை ஒட்டி, அதன் தலைமேல் பேனா ஏறி இறங்குகிற மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்புக்குள் பாதி, தாளில் பாதி. ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு. அதனால் எனக்கு நேர் மேல் வரி அந்த அண்ணனுடையது. மை காயாத அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் 385 என்று இருந்தது. என் வரியில் 260.

யாரும் எனக்குச் சொல்லவில்லை, யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. கண் கொஞ்சம் மேலே போனது, அவ்வளவுதான். மாதா மாதம் போனது.

கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை முதலாளியிடம் கேட்டேன். பழைய கடைகளில் முதலாளிக்கு நாற்காலி கிடையாது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, முன்னால் சாய்வு மேஜை. நாம் நின்றுகொண்டே பேச வேண்டும். குனிந்து பேசினாலும் மரியாதைக் குறைவு, நிமிர்ந்து பேசினாலும் திமிர். அவர் கோபப்படவே இல்லை. சிரித்தார். "உனக்கென்னம்மா செலவு? அப்பா இருக்காரு, சோறு போடுறாரு. நாளைக்குக் கல்யாணமானா வேலைய விட்டுருவ. அவன் குடும்பஸ்தன், பாத்துக்கிட்டியா?"

கல்யாணமானது. வேலையை விடவில்லை. மறுபடி கேட்டேன். "உனக்கென்னம்மா, வீட்டுக்காரரு சம்பாதிக்கிறாரு."

பில் போடும் அக்கா ஒருவர் இருந்தார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் தவறிப்போய்விட்டார். அவருக்கு அப்பாவும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அப்படியானால் முதலாளியின் கணக்குப்படியே அவர்தானே குடும்பஸ்தர்? அவர் கேட்டபோது முதலாளி குரலை இறக்கி, "பிள்ளைக பள்ளிக்கூடச் செலவுக்குத் தனியாத் தாரேன்மா, சம்பளத்துல கேக்காத" என்றாராம். ஜூன் மாதம் ஒரு கவரில் கொடுக்கவும் செய்தார். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். குறை சொல்ல முடியாத மனிதர்தான் முதலாளி. தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குக் கரும்பு, யார் வீட்டிலாவது பிரசவம் என்றால் ஐம்பது ரூபாய். ஆனால் கவரில் வருகிற ரூபாய் ரிஜிஸ்தரில் ஏறாது. அதில் ஏறாதது பி.எஃப்.இல் ஏறாது. போனஸ் சட்டப்படி சம்பளத்தில் 8.33 சதவிகிதம் கட்டாயம் தர வேண்டும் என்றால் அந்த விழுக்காடும் ரிஜிஸ்தரில் இருக்கிற தொகைக்குத்தான். வேலையை விட்டுப் போகிற அன்று கணக்குப் பார்க்கிற கிராஜுவிட்டிக்கும் கடைசியாக வாங்கிய சம்பளம்தான் அளவு. கருணை அந்த மாதத்தோடு முடிந்துவிடும். சம்பளம் கூடவே வரும். இந்தக் கணக்கை எனக்குப் புரியவைத்தது அந்த அக்காவின் தம்பி, பேங்கில் கிளார்க், யூனியன்காரர்.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். 1892இல் தொடங்கிய ஹார்வி மில்லின் சங்கு சத்தத்தில்தான் எங்கள் பக்கம் பாதி ஊர் எழுந்திருக்கும். அங்கே சங்கம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, கேட் மீட்டிங் உண்டு. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் கடைக்கு ஒரு சம்பளம், ஆளுக்கு ஒரு சம்பளம். ஒரு கடையில் மூன்று பெண்கள் இருந்தால் அதுவே பெரிய கூட்டம்.

என் அப்பத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அழகர்கோயில் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். 1895இல் அணை கட்டி மேற்கே போன பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பிறகு செழித்த பூமி. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்கு அங்கிட்டு மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அப்பத்தாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் பதினைந்து இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிற கொத்துக்கு அவள்தான் தலைவி. கூலி பேசுவது அவள் பொறுப்பு.

சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்குப் போனால் கால்வாயில் தண்ணீர் விடுகிற வரை அங்கேதான் கிடப்பேன். அவள் கூலி பேசப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். நேராக நிலக்காரர் வீட்டுக்குப் போகமாட்டாள். வெள்ளென எழுந்து முதலில் நாற்றங்காலுக்குப் போவாள். ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரில் இருக்கிற சேற்றை விரலால் வழித்துவிட்டு, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பாள். நாற்று முற்றினால் கணு விட ஆரம்பிக்கும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. அந்தத் தண்டைப் பார்த்தாலே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். பிடுங்கிய நாற்றை மறுபடி அதே இடத்தில் ஊன்றிவிட்டு வருவாள். அடுத்தவர் நாற்றல்லவா.

சாயங்காலம் கொத்து முழுக்கப் புறப்படும். பெண்கள் எல்லாரும் எதிர்த்தாற்போல் புளியமரத்தடியில் நிற்பார்கள். அப்பத்தா மட்டும் வாசலில் போய் நிற்பாள். திண்ணையில் உட்கார அவளுக்கு இடமில்லாத காலம் அது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நாத்து விட்டு எத்தன நாளாச்சு சாமி?"

அவர் ஒரு கணக்குச் சொல்வார். இரண்டு மூன்று நாள் குறைத்துத்தான் சொல்வார்.

"அப்ப வெள்ளிக்கெழமைக்குள்ள நட்டாகணும்."

அதோடு பேச்சை நிறுத்திவிடுவாள். கூலி எவ்வளவு என்று அவள் வாயிலிருந்து முதலில் வராது. தண்ணீர் விட்ட வாரத்தில் சுற்றுப்பட்டு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் தேடும் என்பது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். மரத்தடியில் யாராவது ஒருத்தி இருமுவாள். குழந்தை அழும். அவர் ஒரு தொகை சொல்வார். "போன வருசமே அதுதான சாமி" என்பாள். மறுபடி மௌனம்.

இதில் நான் பெரியவளான பிறகு கவனித்த ஒன்று இருக்கிறது. வீட்டில் அரிசி இல்லை, பேத்திக்குக் காதுகுத்து, மகனுக்குக் காய்ச்சல் என்று ஒரு சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. அவர் அந்தப் பக்கம் இழுத்தாலும் இவள் வரமாட்டாள். "ஒம் பேரன் எப்படி இருக்கான், செலவுக்கு ஏதாச்சும் வேணுமா" என்று நைசாகக் கேட்பார். "அவன் நல்லாத்தேன் இருக்கான். நாத்துதேன் முத்திக்கிட்டிருக்கு" என்பாள். நாற்று, தண்ணீர், நாள், ஆள். பேச்சு வயலை விட்டு நகராது. என் முதலாளியோ என்னைப் பார்த்த உடனே என் வீட்டுக்குள் போய்விடுவார். நானும் அவர் பின்னாலேயே போய், அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டது, தம்பி படிக்கிறான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பேன். என் தேவை பெரிதா அந்த அண்ணன் தேவை பெரிதா என்று அளக்க ஆரம்பித்தால் அளக்கிற கோல் அவர் கையில்தானே இருக்கும்.

கொத்தில் வயசான கிழவி ஒருத்தி உண்டு. நிரையில் எப்போதும் பின்தங்குவாள். "அவளுக்கு முழுக் கூலி எதுக்கு" என்று நிலக்காரர் கேட்டால், "அவளும் சேத்துதேன்" என்று ஒரே பதில். ஒருத்திக்குக் குறைத்தால் நாளைக்கு எல்லாருக்கும் அதுதான் விலை என்று வரும்போது வழியில் சொல்வாள்.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவிடம் இந்த 385, 260 கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆம்பளக் கூலியா கேக்குற?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பேரம் பேசியவள் ஒருநாளும் ஆண் கூலியைக் கேட்டதில்லை. உழவும் வரப்பு வெட்டும் ஆண் வேலை, நடவும் களையும் பெண் வேலை, கூலி வேறு வேறு. இடுப்பு ஒடிய நாள் முழுக்கத் தண்ணீரில் குனிந்து நிற்பது எந்த விதத்தில் லேசான வேலை என்று அவளும் கேட்கவில்லை, ஊரில் யாரும் கேட்கவில்லை. நான் சொன்னேன், "ரெண்டு பேருக்கும் ஒரே மிஷின் அப்பத்தா. ஒரே லெட்டரு. அவருக்கு வர்ற தமிழ் லெட்டரும் நாந்தான் அடிக்கிறேன்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒங் கடையில நாத்து எப்ப முத்தும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் தீபாவளிச் சரக்கு வர ஆரம்பிக்கும். புரட்டாசியில் பேல் பேலாக இறங்கும். வெளியூர்க் கடைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். பில், லாரி ரசீது, பேங்க் கடிதம் எல்லாம் அன்றன்றைக்கு முடிந்தாக வேண்டும். அந்த ஆறு வாரம் டைப்பிஸ்ட்டும் பில் போடுகிறவரும் இல்லாமல் கடை ஓடாது. நான் அதுவரை கேட்டதெல்லாம் பங்குனியில், கணக்கு முடிக்கிற நேரத்தில். முதலாளி வரவு செலவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மாதம்!

1987 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண் தொடுத்த வழக்கு. அந்தக் கம்பெனியில் ஆண் ஸ்டெனோக்களுக்கு ஒரு சம்பளம், பெண் ஸ்டெனோக்களுக்கு அதைவிடக் குறைவு. கம்பெனி என்ன சொன்னதென்றால், பெண்கள் அதிகாரிகளுக்கு அந்தரங்க ஸ்டெனோக்கள், அது வேறு வேலை; தவிர இந்தச் சம்பளம் யூனியனோடு போட்ட ஒப்பந்தப்படிதான். கோர்ட் இரண்டையும் ஏற்கவில்லை. ஒரே மாதிரி வேலை என்றால் 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டப்படி சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும், கட்டுப்படியாகாது என்பதும் சாக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. பேங்க் தம்பி அந்தப் பத்திரிகைச் செய்தியை வெட்டி எடுத்து அக்காவிடம் கொடுத்திருந்தார். அக்கா அதை மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸ் மூடிக்கு அடியில் வைத்து எங்களுக்குக் காட்டினார். சாம்பார்க் கறை பட்டிருந்தது. சட்டம் வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது, அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது பெண் டெலிபோன் பார்க்கிறவள், எங்கள் எல்லாரையும்விடச் சின்னவள். சௌராஷ்டிரக் குடும்பம். அவள் அம்மா வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியில் புள்ளி புள்ளியாக நூல் சுற்றி இறுக்கிக் கட்டி, சாயம் தோய்த்த பிறகு பிரித்தால் அங்கங்கே வெள்ளைப் பொட்டு பூத்திருக்கும். கண்ணும் விரலும் தேய்கிற வேலை. கூலி முடிச்சுக் கணக்குக்கு. துணி கொண்டுவந்து கொடுக்கிற ஆள் சொன்னதுதான் விலை. "பக்கத்து வீட்டம்மாவுக்கு என்ன கொடுக்குறாருன்னு அம்மாவுக்குத் தெரியாதுக்கா. ரெண்டு பேரும் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உக்காந்துதான் கட்டுறாங்க" என்றாள் ஒருநாள். அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் எங்கள் ரிஜிஸ்தரின் அருமை தெரிந்தது. எங்களுக்காவது மேல் வரி தெரிகிறதே!

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, கடை மிஷினிலேயே கடிதத்தை அடித்தேன். இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதி. கெஞ்சுகிற வாசகம் ஒன்றும் இல்லாமல், யார் என்ன வேலை செய்கிறோம், நாளைக்கு எத்தனை கடிதம், எத்தனை பில், அதே வேலைக்கு மேல் வரியில் என்ன தொகை, எந்த வருஷத்துச் சட்டம். அவ்வளவுதான். "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று பழக்கத்தில் விரல் தானாகத் தட்டிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் மூன்று பேருமாக மெத்தை முன்னால் போய் நின்றோம். முதலாளி இரண்டு முறை படித்தார். "கோர்ட்டு, சட்டம்னு எழுதிட்டீக" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான். அதுதான் கஷ்டம். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அக்காவின் கண் கலங்கிவிட்டது. அந்த ஜூன் மாதக் கவர் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். "தீபாவளி முடியட்டும், பாத்துச் செய்வோம்" என்றார் முதலாளி. நான் வாயைத் திறப்பதற்குள் டெலிபோன் பெண் சொன்னாள்: "தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நல்லது சார்." கீழே லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ரசீது டைப் ஆகாமல் சரக்கு இறங்காது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் மாதிரி நீளமான நேரத்தை நான் பிரசவ வார்டில்தான் அப்புறம் பார்த்தேன்.

எனக்கு 75 ரூபாய் ஏறியது. மற்ற இருவருக்கும் ஐம்பது ஐம்பது. அக்காவுக்கு ஜூன் மாதக் கவர் நின்றுபோனது. அதையும் கழித்துப் பார்த்தால் அந்த வருஷம் அவருக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் போனஸ் கணக்கு ஏறியது. ரிட்டயர் ஆனபோது அது அவருக்குத் தெரிந்தது. மேல் வரி அண்ணனுக்கும் கேட்காமலேயே 25 ரூபாய் போட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "ஒன்னால எனக்கும் வந்துச்சும்மா" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. 410, 335. இடைவெளி குறைந்ததே தவிர மூடவில்லை. மூட வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிற வசதியோ தெம்போ எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை.

அடுத்த மாதம் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, கணக்கப்பிள்ளை மேல் வரிகளின் மேல் ஒரு பிளாட்டிங் பேப்பரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். "மை பரவிருச்சுன்னா வம்பும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் பாவம், சொன்னதைச் செய்கிறவர். அதிலிருந்து என் வரி மட்டும்தான் எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்தில் நான் பேசியதற்கெல்லாம் கிடைத்த பெரிய பாராட்டு அந்த பிளாட்டிங் பேப்பர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பத்தா போய்ச் சேர்ந்து சில வருஷம் கழித்து, 2001 ஜனவரியில், டி.வி. செய்தியில் ஒரு காட்சி. டெல்லியில் விருது மேடை. பிரதமர் வாஜ்பாய் குனிந்து ஒரு கிராமத்து அம்மாவின் காலைத் தொடுகிறார். அந்த அம்மா திகைத்துப்போய் நிற்கிறார். எங்கள் அழகர்கோயில் பக்கத்துச் சின்னப்பிள்ளை. களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்பு இயக்கத்தை ஊர் ஊராக வளர்த்தவர். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. காலைத் தொட்ட படத்தை எல்லாப் பத்திரிகையும் போட்டன. அவர் அதற்கெல்லாம் முன்னால் விவசாயக் கூலிப் பெண்களின் கொத்துத் தலைவியாக இருந்து நிலக்காரர்களிடம் கூலி பேசியவர் என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. எனக்கென்னவோ அந்த வாசலில் நின்று பேசிய பழக்கம்தான் பின்னால் பேங்க் அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பேச வைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டில் எல்லாரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும், "ஒங்க அப்பத்தா இருந்திருந்தா, இவ நம்ம பக்கத்துக் கொத்தாச்சேன்னு ஒரு கத சொல்லும்" என்றார்.

நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்கிற திட்டத்துக்கான சட்டம் 2005இல் வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதினார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் சித்தப்பாவும் சித்தியும் ஒரே தொகைக்குக் கைநாட்டு வைத்ததைப் பார்த்தேன். சித்தப்பாவுக்குக் கொஞ்ச நாள் அது செரிக்கவில்லை. "அவ என்ன, கூடைய மெல்லத் தூக்குறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்தி பதிலே சொல்லவில்லை, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

விளக்குத்தூண் பக்கம் இப்போதும் துணி எடுக்கப் போவதுண்டு. ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே சேலை விரிக்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே, 2018இல். போன தீபாவளிக்கு ஒரு கடையில் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடிக்காத சேலைகள் மலையாகக் குவிந்திருந்தன. "உக்காரலையாம்மா?" என்றேன். "உக்காந்தா சேலைய எங்கே வைக்கிறது மேடம்" என்று சிரித்தாள் அந்தப் பெண். சம்பளம் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் சூபர்வைசர் நின்றதால் கேட்கவில்லை.

என் சொந்த அண்ணன் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். எனக்கு ஒரு வருஷச் சம்பளம் எவ்வளவோ அதை அவள் ஒரு நாளில் வாங்குகிறாள் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். பழைய டைப்பிஸ்ட் புத்தி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான். சம்பள விவரத்தைச் சக ஊழியர் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு பத்தி. நல்ல வழவழப்பான தாளில், அழகான எழுத்தில், கணக்கப்பிள்ளையின் பிளாட்டிங் பேப்பர்! சம்பளச் சீட்டு அவளுக்கு மெயிலில் வருகிறது. அதைத் திறக்கவே பாஸ்வேர்டு வேண்டும்.

அப்படியும் இந்தப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பொங்கலுக்கு வந்த இடத்தில், காலேஜில் கூடப் படித்து இப்போது அவளுடைய டீமிலேயே இருக்கிற இரண்டு பெண்களோடு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருத்தி ஆரம்பிக்க, மூன்று பேரும் போனைத் திறந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்களாம். டீமில் புதிதாகச் சேர்ந்த பையனின் தொகையும் எப்படியோ இவர்கள் காதுக்கு வந்திருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன். "அத்தை, நீங்க அப்ப என்ன பண்ணுனீங்க?"

"புராஜெக்ட் எப்பக் கொடுக்கணும்?" என்று கேட்டேன்.

"டெலிவரியா? அடுத்த மாசம் 28. ஏன் அத்தை?"

"அப்ப 15ஆம் தேதிக்கு மேல போங்க. மூணு பேரும் சேந்து போங்க. வீட்டு லோன், தங்கச்சி கல்யாணம்னு ஒண்ணும் பேசாத."

அவள் சிரித்தாள். "சேந்து போக முடியாது அத்தை. அப்ரைசல் மீட்டிங் சிஸ்டத்துல ஆளுக்கு ஒண்ணாத்தான் புக் ஆகும். மூணு பேரு பேரப் போட்டா எடுத்துக்காது."

"சிஸ்டத்துல எடம் இல்லேன்னா அவரு ரூம் வாசல்ல போய் நிக்க வேண்டியதுதான."

"அவருக்கு ரூமே கிடையாது அத்தை. வீட்டுலருந்துதான் வேலை பாக்குறாரு."

"வீடு எங்க?" என்று கேட்டேன்.